சமத்துவத்துக்கு ஒரு பக்கம்

பைரிக்கி, தராவா
9 பிப்ரவரி 1978

அன்புள்ள தபேரா அக்காவுக்கு,

இயோதெபா எழுதுவது. மூன்று மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்ற போட்டியில் நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள். ஆனால் இது அலுவலக வேலையாக எழுதும் கடிதம். அதனால் பாதித் தோல்விதான்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரர்கள் கொடியை இறக்கப் போகிறார்கள். நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை. அதற்குள் எல்லாத் தீவுகளின் பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து அனுப்ப வேண்டும் என்று எங்கள் செய்தி அலுவலகத்துக்கு உத்தரவு. பன்னிரண்டு சொற்கள், சொல்லுக்கு ஒரு பக்கம். சட்டம், உரிமை, மக்கள் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது சமத்துவம்.

அலுவலகத்தில் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். "உங்க தபித்தெவேயா தீவுலதான் ராஜாவே கிடையாதே! உனக்கு இது மீன் திங்கிற மாதிரிடா" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்கு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் மேலதிகாரி மிஸ்டர் ஹட்டன் நான்கையும் அடித்துவிட்டார். அடிலெய்டுக்காரர், நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். "எனக்கு ஒரே ஒரு வரி வேணும், இயோதெபா. யாரும் சண்டை போட முடியாத ஒரு வரி" என்கிறார்.

அதனால் ஒரு உதவி. நம் தெபுங்கா ஊர் மன்றத்தில் பெரியவர்களிடம் கேட்டு, சமத்துவம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதை எழுதி அனுப்பு. நீ பள்ளிக்கூட டீச்சர், உன் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் இடத்தைப் பற்றி நான் அன்று சொன்னதில் மாற்றம் எதுவும் இல்லை. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே.

உன் தம்பி,
இயோதெபா


தெபுங்கா, தபித்தெவேயா
3 மார்ச் 1978

அன்புள்ள தம்பிக்கு,

குழப்பாதே என்று எழுதியிருக்கிறாய். குழப்பியது நானா?

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் மன்றம் கூடியது. அப்பா நாற்பது வருஷம் உட்கார்ந்து பேசிய இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருஷமும் மன்றத்தில் என்ன பேச வேண்டும் என்று அவர் சொல்லி, நான் எழுதி, யாராவது ஒரு ஆண்பிள்ளை கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னது உனக்கே தெரியும். நீ தராவாவிலிருந்து வந்து இறங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. ஊரே பார்க்க, "எந்திரிக்கா, அது என் இடம். பொம்பளங்க பின்னாடிதான்" என்றாய். எழுந்தேன். மறு கப்பலில் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து அந்த இடம் காலியாக இருக்கிறது. முறை நம் இடத்துக்கு வரும்போது எல்லோரும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பின்னால் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அதே மன்றத்தில் சமத்துவம் என்றால் என்ன என்று கேட்டு எழுதச் சொல்கிறாய். எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்பது? சொல்.

அக்காவும் தம்பியும் முகத்துக்கு நேரே கிண்டல் பண்ணிக்கொள்வது நம் ஊரில் அழகில்லை. காகிதத்தில் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இனி நிறைய எழுதுவேன்.

உன் வேலையையும் செய்தேன். பெரியவர் தெகாபுவைத் தேடிப் போனேன். பதநீர் இறக்கத் தென்னை உச்சியில் இருந்தார். கீழே நின்று கத்திக் கேட்டேன். "எவனும் எவனுக்கும் மேல இல்ல, அவ்வளவுதான்! எழுதிக்க!" என்று மரத்து உச்சியிலிருந்து சொன்னார். அங்கிருந்து சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொள்.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு நல்லது. போன வாரம் இரண்டு பேர் ஒரு பெரிய ஆமையைப் பிடித்து வந்தார்கள். ஐந்து அடுப்புக்குச் சமமாகப் பிரி என்றார் தெகாபு. கெயாவுக்கு ஒன்பது பிள்ளைகள். "எங்க வீட்டுல பதினோரு வாய், உங்க வீட்டுல ரெண்டு பல்லு. ரெண்டுக்கும் ஒரே பங்கா? இதுவா சமம்?" என்று கெயா கேட்டாள். பிடித்தவர்கள் இரண்டு பேரும், "ராத்திரி முழுக்க தண்ணியில கெடந்தவனுக்கும் பாயில கெடந்தவனுக்கும் சமமா?" என்றார்கள். யாருமே எனக்கு அதிகம் கொடு என்று கேட்கவில்லை, கவனித்தாயா? எல்லோரும் சமமாகக் கொடு என்றுதான் கேட்டார்கள். சாயங்காலம் வரை பேசினார்கள். ஆமை அதுவரை மல்லாக்கக் கிடந்தது.

இதில் எந்த வரியை உன் ஹட்டனுக்கு அனுப்புவது?

தபேரா


பைரிக்கி
20 மார்ச் 1978

அக்கா,

அலுவலகத்தில் உன் கடிதத்தைப் படித்து, ஆமை வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு முறையாவது கேட்டுக்கொள். என்னை அகம்பாவம் பிடித்தவன் என்று நினைக்கிறாய். நம் குடும்பம் எத்தனை வீடு? மூன்று. மேற்குப் பக்கத்துக் குடும்பம் முப்பது வீடு. மன்றத்தில் அவர்களுக்கும் ஒரு இடம், நமக்கும் ஒரு இடம். பேசும் முறை வந்தால் அவர்களுக்கும் ஒரு குரல், நமக்கும் ஒரு குரல். யார் எங்கே உட்காருவது, யாருக்குப் பின் யார் என்று முன்னோர்கள் கல்லில் அடித்த மாதிரி வைத்திருப்பதால்தான் மூன்று வீட்டுக்காரன் முப்பது வீட்டுக்காரனுக்குச் சமமாக உட்கார முடிகிறது. எனக்குச் சமத்துவம் என்றால் அதுதான். இன்றைக்கு உனக்காக முறையை வளைத்தால், நாளைக்கு மேற்குப் பக்கத்தார் தங்கள் வசதிக்கு வளைப்பார்கள். அவர்களிடம் வளைக்க நிறைய கை இருக்கிறது. நம் பாதுகாப்பே அந்த முறைதான் அக்கா. அதை நீயே உடைக்கலாமா?

இன்னொரு செய்தி. நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று ஹட்டன் கிளம்பிவிட்டார். இந்தக் கப்பலில்தான் வருகிறார். புகையிலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மன்றத்தில் முதலில் அதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. விருந்தாளிகள் பக்கம் எது என்று கப்பலடியிலேயே தெளிவாகச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வை. கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடப் போகிறார்.

இயோதெபா


தெபுங்கா
14 ஏப்ரல் 1978

அன்புள்ள தம்பிக்கு,

கையைப் பிடித்துக் கூட்டிப் போ என்று நீ எழுதிய கடிதமும் ஹட்டனும் ஒரே கப்பலில் வந்தார்கள். ஹட்டன் படகில் முதலில் கரைக்கு வந்தார். தபால் பை மறுநாள் வந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே கோபப்படாமல் படி.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வழக்கம்போலப் பின்னால் இருந்தேன். உன் துரை மன்றத்துக் கூரை விளிம்பில் நெற்றியை ஒரு இடி இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வழக்கப்படி மாலை போட்டோம், கழுத்தில் பவுடர் பூசினோம். விருந்தாளிகள் உட்காரும் தெற்குப் பக்கத்தைக் கெயா கையால் காட்டினாள். அவர் அவளுக்குத் தலையாட்டிவிட்டு, நேராகக் கிழக்கே நடந்து, நம் தூண் பக்கம் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, தூணில் முதுகைச் சாய்த்து, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் இடத்தில்!

அடுத்தவர் இடத்தில் தெரியாமல் உட்கார்ந்தவனுக்கு என்னென்ன கேடு வரும் என்று நம் ஆட்கள் நினைப்பது உனக்குத் தெரியும். ஆனால் விருந்தாளியை எழுந்திரு என்று சொல்லவும் முடியாது. இருநூறு பேர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஹட்டன் மட்டும் சிரித்த முகமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தெகாபுதான் தொண்டையைக் கனைத்தார். "அவரு அந்தக் குடும்பத்து இடத்துல உக்காந்துட்டாரு. அப்ப அவரு அந்தக் குடும்பத்து விருந்தாளி. வீட்டுக்காரங்க யாரும் பக்கத்துல இல்லாம விருந்தாளிய ஒத்தையில உக்கார வைக்கிற பழக்கம் நமக்கு உண்டா?"

"இல்ல" என்றார்கள்.

"அந்த வீட்டுல யாரு இருக்கா?"

சித்தப்பா நவ்ருவில் பாஸ்பேட் வெட்டப் போய் ஏழு வருஷம் ஆகிறது. அத்தைக்குக் கண் தெரியாது. நீ பைரிக்கியில் சமத்துவம் எழுதிக்கொண்டிருக்கிறாய். எல்லோருடைய கண்ணும் என் மேல் வந்து நின்றது. குனிந்து நடந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சமத்துவம் என்றால் என்ன என்ற அவர் கேள்வி சுற்றி வந்தது. தெகாபு மரத்து உச்சியில் சொன்னதையே கீழேயும் சொன்னார். ஆமைக்காரர்கள் ஆமையைச் சொன்னார்கள். மேற்குப் பக்கத்தார் முப்பது வீட்டுக்கு ஒரு குரல் எப்படிச் சமம் ஆகும் என்று கேட்டார்கள், நீ பயந்தது சரிதான். முறை நம் இடத்துக்கு வந்தது. அந்த ஒரு மூச்சு நேரம். விருந்தாளி பேசக் கூடாது. நான் பேசினேன்.

"பங்கை எப்படிப் பிரிக்கிறதுன்னு அப்புறம் பாப்போம். எப்படிப் பிரிக்கிறதுன்னு சொல்றதுக்கு எல்லாருக்கும் வாய் இருக்கா, அதைக் கேக்க எல்லாருக்கும் காது இருக்கா, மொதல்ல அதப் பாருங்க. சொன்னது யாருன்னு பாக்காம சொன்னத எடை போட்டா அதான் சமம். எங்கப்பா பேருல ரெண்டு வருஷமா இங்க வாசிச்சதுல பாதி நானே யோசிச்சு எழுதினது. அப்ப தலையாட்டினீங்க. இப்ப அதே வார்த்தை என் வாயில இருந்து வந்தா எடை குறைஞ்சுடுமா?"

யாரும் கைதட்டவில்லை. ஆனால் பின்னால் பெண்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது பார், அது போதும் எனக்கு.

ஹட்டன் வடக்கே போய்விட்டார். மறுநாள் மன்றம் கூடியபோது நான் அங்கேயே உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. தம்பி, எனக்கு முப்பத்தொன்பது வயது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

தபேரா


பைரிக்கி
2 மே 1978

அக்கா,

ஹட்டன் திரும்பி வந்ததும் அலுவலகம் நடுவில் நின்று, "இயோதெபா, உங்க குடும்பத் தலைவியப் பாத்தேன்! என்ன பேச்சு!" என்றார். பக்கத்து மேசை, எதிர் மேசை, தட்டச்சு அறை எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. டீ கொண்டு வருகிறவர்கூட, "தலைவி நல்லா இருக்காங்களா?" என்று தினமும் கேட்கிறார்.

அவர் எழுதி வந்த குறிப்பில் நீ பேசியதைப் படித்தேன். என்னுடைய நான்கு வரிகளையும்விட நன்றாக இருக்கிறது. அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

விருந்தாளிக்காக உட்கார்ந்தாய், சரி. குடும்ப மானத்தைக் காப்பாற்றினாய், அதற்கு நன்றி. மறுநாளும் உட்கார்ந்தாயே, அது எந்தக் கணக்கில்? மேற்குப் பக்கத்தார் இந்நேரம் தங்கள் இடத்தில் எத்தனை பேரை முன்னால் நகர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். நீ ஒரு ஓட்டை போட்டுவிட்டாய். வாதாடிப் பார்த்தேன், நீ கேட்கிறதாக இல்லை.

அதனால் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். அக்கா, உன்னிடம் புபூசி கேட்கிறேன். அந்த இடத்தை எனக்குக் கொடு. நான் வரும்வரை அது காலியாக இருக்கட்டும். தம்பி அக்காவிடம் புபூசி என்று கெஞ்சிக் கேட்டுவிட்டேன். கேட்டதை இல்லை என்று சொன்னால் நம் வீட்டில் அப்புறம் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது என்று உனக்குத் தெரியும்.

இயோதெபா


தெபுங்கா
25 மே 1978

அன்புள்ள, புத்திசாலியான, படித்த, அரசாங்க வேலையில் இருக்கிற என் தம்பிக்கு,

கொடுத்துவிட்டேன். புபூசி கேட்டு இல்லை என்று சொல்ல நான் என்ன மனுஷியே இல்லையா?

உன் கடிதம் வந்த அன்று அழுதேன், அதையும் தெரிந்துகொள். சொந்தக்காரர்கள் புபூசி கேட்டுச் சித்தப்பாவின் சைக்கிளை வாங்கிப் போனார்கள், நம் படகை வாங்கிப் போனார்கள், அதெல்லாம் போனால் போகட்டும். முப்பத்தொன்பது வயதில் கிடைத்த ஒன்றைச் சொந்தத் தம்பி புபூசியில் கேட்டு வாங்குவான் என்று நினைக்கவில்லை. வாதத்தில் ஜெயிக்க முடியாவிட்டால் கெஞ்சுவதா என்று உன்னைத் திட்டினேன். நன்றாகத் திட்டினேன். எழுத முடியாத சொல்லெல்லாம் வந்தது.

மறுநாள் மன்றம். முறை நம் இடத்துக்கு வந்ததும் சொன்னேன்: "இந்த இடத்தை என் தம்பி என்கிட்ட புபூசி கேட்டிருக்கான். குடுத்துட்டேன். நான் எந்திரிக்கறேன்."

எழுந்து இரண்டடி பின்னால் போயிருப்பேன். தெகாபு கையைத் தூக்கினார்.

"நில்லு பொண்ணே. உன் தம்பி என்ன கேட்டான்? திருப்பிச் சொல்லு."

"இந்த இடத்தைக் குடுன்னு கேட்டான்."

"யார்கிட்ட கேட்டான்?"

"என்கிட்ட."

"ஒருத்தன் தன்னோட படகைத் தானே அடுத்தவன்கிட்ட புபூசி கேப்பானா?"

"மாட்டான்."

"தன்னோட வலைய?"

"மாட்டான்."

"அப்ப இந்த இடம் யாரோடதுன்னு நெனச்சு உன்கிட்ட கேட்டான்?"

இயோதெபா, நீ இங்கே இருந்திருக்க வேண்டும்! முதலில் கெயா சிரித்தாள். அவள் சிரிப்பு உனக்குத் தெரியும், பவளப் பாறையில் டின்னை உருட்டின மாதிரி. அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்க. அப்புறம் ஆமைக்காரர்கள். கடைசியில் மேற்குப் பக்கத்துப் பெரியவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதமாக அது தன் இடம் தன் இடம் என்று எழுதிவந்த நீ, ஒரே வரியில் அது அக்காவின் இடம் என்று கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி, கப்பலில் அனுப்பி வைத்திருக்கிறாய்.

அதோடு முடியவில்லை. ஒரு கட்சி சொன்னது: அவன் கேட்டதால் அது அவளுடையது, அவள் கொடுத்ததால் இப்போது அவனுடையது, அதனால் காலியாகவே இருக்கட்டும். இன்னொரு கட்சி: இடம் படகு மாதிரி கை மாற்றும் பொருளே இல்லை, கேட்டதும் தப்பு கொடுத்ததும் தப்பு. தெகாபு மூன்றாவது கட்சி: "ஒருத்தன் தராவாவுல உக்காந்துக்கிட்டு இங்க யார் உக்காரலாம் யார் கூடாதுன்னு சொன்னா அவன் ராஜா. நம்ம தீவுல அது கெடையாது." மேற்குப் பக்கத்தார், நீ பயந்த அதே ஆட்கள், முறையை மாற்றவே கூடாது என்று உனக்காக வாதாடினார்கள்!

வாதம் சூடு பிடித்ததும் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இடமில்லாதவள் பதில் சொல்லக் கூடாது, நின்றுகொண்டு பேசவும் கூடாது. "இது முடியற வரைக்கும் அங்கேயே உக்காந்து பதில் சொல்லு" என்றார் தெகாபு. உட்கார்ந்தேன். அன்று முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. இன்றோடு பதினோரு நாள். அடுத்த முழு நிலாவுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றும் முடியாது என்று நினைக்கிறேன்.

ஏன் முடியாது என்று பதினோரு நாளும் யோசித்தேன். அந்த மன்றத்தில் சமத்துவம் வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. நம் முன்னோர்கள் ராஜா இல்லாமல் வாழ்ந்தார்களே, அதற்கு நான்தான் உண்மையான வாரிசு என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். தெகாபு நினைக்கிறார், கெயா நினைக்கிறாள், நீ நினைக்கிறாய், நான் நினைக்கிறேன். ஒரே சொத்துக்குத்தானே வழக்கு வரும்? நாளைக்கு யாராவது இதுதான் அர்த்தம் என்று ஒரேயடியாக முடித்துவிட்டால், மிச்சப் பேர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மிச்சப் பேரில் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். முடியாமல் இருப்பதால்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மேல் கோபம் போய்விட்டது. உன்னைவிட எனக்கு யாரும் இவ்வளவு பெரிய உதவி செய்ததில்லை.

தபேரா


பைரிக்கி
14 ஜூன் 1978

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் மேசை மேல் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். ஹட்டன் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அந்த ஆள் மடங்காத காலோடு துள்ளித் துள்ளிச் சிரித்தார்.

என் பக்கத்தைத் தவிர மற்ற பதினொன்றும் அச்சுக்குப் போய்விட்டன. போன திங்கட்கிழமை கடைசியாக ஒரு வரி எழுதிக் கொண்டு போனேன், தெகாபுவுடையதைத்தான் கொஞ்சம் சட்டை போட்டு அனுப்பினேன். தட்டச்சு செய்கிறவள் புதாரிதாரித் தீவுக்காரி. "எங்க ஊர்ல ராஜா இருந்தாரு. அவருக்கு முன்னாடி நாங்க அத்தனை பேரும் ஒண்ணுதான். உங்க ஊர்லதான் ஆளுக்காள் முறைச்சுக்கிட்டு நிப்பீங்க. எது சமம்?" என்று கேட்டு இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஹட்டன், எல்லாருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தால் போதும், மிச்சம் அவனவன் பாடு என்றார், அவர் ஊரில் அப்படியாம். கெயாவுக்கும் ஆமைக்காரனுக்கும் நடந்த அதே சண்டை, நாற்காலியில் உட்கார்ந்து நடந்தது. மதியம் வரை ஒரு வேலையும் நடக்கவில்லை. யாருக்கும் வீட்டுக்குப் போகவும் மனமில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் சண்டை போட முடியாத வரி வேண்டும் என்றால், யாருக்கும் தேவைப்படாத சொல்லுக்குத்தான் அது கிடைக்கும். எல்லோருக்கும் வேண்டிய சொல் என்பதால் எல்லோரும் தன் பக்கம் இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க அதில் புதிதாக யாருக்காவது இடம் கிடைக்கிறது. நீ இழுத்ததில் நீ உள்ளே வந்தாய். நான் இழுத்துப் பிடித்ததில் மூன்று வீட்டுக் குடும்பம் வெளியே போகாமல் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எழுதியிருந்த வரியைக் கிழித்துப் போட்டேன். என் பக்கத்தில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "ஓர் ஆமை. பிடித்தவர் இருவர். அடுப்பு ஐந்து. வாய் இருபத்தேழு. சமமாகப் பிரியுங்கள். பிரித்த பின், பங்கு சொல்ல யாரைக் கேட்கவில்லை என்று பாருங்கள்." ஹட்டன் படித்துவிட்டு, "இதுல பதில் எங்க?" என்றார். சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். தட்டச்சுக்காரி எட்டிப் பார்த்து, "சார், அது தப்பு" என்றாள். அரை மணி கழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பக்கம் அச்சில் இருக்கிறது.

இன்னொன்று. அப்பா அடக்கத்துக்கு மறுநாள் ஊர் பார்க்க உன்னை எழுப்பினேன். என் வாதம் தப்பு என்று இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எழுப்பியது தப்பு. அப்பாவுக்கு அன்னம் ஊட்டிய கை, அப்பாவின் பேச்சை எழுதிய கை. அப்படிப்பட்டவளை எழுப்ப எனக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

முறை முறைதான் என்று மன்றத்தில் நானே நேரில் சொல்ல வேண்டும். பதினோரு நாள் எனக்காக மேற்குப் பக்கத்தார் வாதாடினார்கள் என்றால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. லீவு போட்டுவிட்டேன். ஜூலைக் கப்பலில் வருகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். வந்தால் நான் எங்கே உட்காருவது?

இயோதெபா


தெபுங்கா
30 ஜூன் 1978

தம்பிக்கு,

கப்பல் புறப்படப் போகிறது, படகுக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால் நாலே வரி.

மன்னிப்பெல்லாம் அப்போதே கொடுத்தாயிற்று. முழு நிலாவிலும் வாதம் முடியவில்லை. நீ எங்கே உட்காருவது என்று மன்றத்தில் கேட்டேன். நான்கு கட்சி கிளம்பியிருக்கிறது. நீ வந்து இறங்குவதற்குள் ஐந்தாகும்.

எனக்கென்று ஒரு எண்ணம் இருக்கிறது. நம் இடத்தில் தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு குடும்பத்துக்கு ஒரு குரல்தான் என்று நீ சொல்வாய். சொல். சபை நடுவில், இருநூறு பேர் கேட்க, என் பக்கத்தில் உட்கார்ந்து என்னை எதிர்த்துச் சொல். அப்பா போனதிலிருந்து எனக்கு ஈடு கொடுத்துப் பேச இங்கே ஆளே இல்லை. சீக்கிரம் வா.

அக்கா
தபேரா